மூன்று தரம் கழுவிய வெள்ளிக்கிழமை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் கிட்னி கல்லுக்கு மருந்து எதையும் கண்டுபிடிக்கவில்லை. ஒதியம்பட்டில் பாதிப் பேர் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தார்கள். அதற்கு முழுப் பொறுப்பு என் மாமனார். மனிதர் டீக்கடையில் உட்கார்ந்தால் போதும், "எங்க மருமவள இன்னான்னு நெனச்சிக்கினு இருக்கிறீங்க? கிட்னில கல்லு வந்தா கரைக்கிறதுக்கு மருந்து கண்டுபுடிக்குது" என்று ஆரம்பித்துவிடுவார். ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் துணி துவைத்துக்கொண்டிருக்கும்போது ஸ்கேன் கவரோடு யாராவது வந்து நிற்பார்கள். சோப்புக் கையைத் துடைத்துக்கொண்டு படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பதுபோல் பாவனை செய்துவிட்டு, தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்வேன். "இத சொல்றதுக்கா இம்மாம் வருசமா படிக்கிற?" என்று ஒருவர் முகத்துக்கு நேராகவே கேட்டுவிட்டார். வாழைத்தண்டுச் சாறாவது சொல்லியிருந்தால் கொஞ்சம் மரியாதை மிஞ்சியிருக்கும்.

நான் செய்துகொண்டிருந்தது வேறு வேலை. மனித உடலில் ஒரு நொதி இருக்கிறது. அது பிசகினால் பிறந்த சில வருடங்களிலேயே குழந்தைகளின் சிறுநீரகத்தில் கல் கட்ட ஆரம்பித்துவிடும். நொதியின் பெயர் நீளமானது, சொன்னாலும் யாருக்கும் மனதில் நிற்காது. அதன் உருவம் என்ன, எந்த மடிப்பில் எது உட்கார்ந்திருக்கிறது என்று அதுவரை யாரும் பார்த்ததில்லை. பார்த்தால் எங்கே பிசகுகிறது என்று தெரியும். தெரிந்தால் யாரோ ஒருவர் என்றைக்கோ ஒரு நாள் மருந்து செய்யலாம். அந்த யாரோ ஒருவர் நான் இல்லை என்று மாமனாருக்கு எத்தனையோ தரம் விளக்கிவிட்டேன். "செரி செரி, பொண்ணு அடக்கமா பேசுது" என்பார்.

உருவத்தைப் பார்க்கப் படிகம் வேண்டும். அதற்கான வழி இது. மனித மரபணுவைப் பாக்டீரியாவுக்குள் வைத்தால் அது நமக்காக அந்த நொதியைச் செய்து தரும். பாக்டீரியாவை உடைத்து, அந்தக் குழம்பை நிக்கல் மணிகள் அடைத்த குழாயில் ஊற்றினால் நம் நொதி மணிகளில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டுவதற்கென்றே அதற்கு ஒரு வால் வைத்துச் செய்திருப்போம். பாக்டீரியாவின் சொந்தச் சரக்கும் கொஞ்சம் சேர்ந்து ஒட்டும். அதைப் பத்து தரம் கழுவி விரட்ட வேண்டும். பிறகு நொதியை எடுத்து, கண்ணாடி வில்லையில் ஒரு துளி வைத்து, குழிகள் உள்ள தட்டின் மேல் கவிழ்த்து மூடிவிட்டுக் காத்திருக்க வேண்டும். துளி மெல்ல வற்றும். அதிர்ஷ்டம் இருந்தால் மூலக்கூறுகள் வரிசை கட்டி நின்று படிகமாகும், இல்லாவிட்டால் திரிந்த பால் மாதிரி எதுவோ மிதக்கும். எனக்கு மூன்று வருடம் திரிந்த பால்தான்.

ஆய்வுக்கூடம் எது என்று சொல்லப்போவதில்லை. ஒதியம்பட்டிலிருந்து வில்லியனூர், வில்லியனூரிலிருந்து இன்னொரு பஸ், அவ்வளவு போதும். என் வழிகாட்டி ஒரு பெண். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். கெட்டிக்காரர், கோபக்காரர், பதவி உயர்வுக்காகக் காத்திருந்தவர். எனக்கும் அவருக்கும் சமமான கோபம் என்பதால் முதல் மூன்று வருடம் நன்றாகவே ஒத்துப்போயிற்று.

அந்த மூன்று வருடத்துக்குள் எனக்கு ஒரு பெண் பிறந்தாள். எட்டு மாதம் கூடவே வைத்திருந்தேன். அப்போது மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். கணவருக்குத் திருவாண்டார்கோயில் பக்கம் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. குழந்தையைப் பார்க்க ஆளில்லை. மடுகரையில் என் அக்கா இருந்தாள். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடம் ஆகியும் பிள்ளை இல்லாதவள். "எங்கிட்ட வுடுடி. நீ படிச்சி முடிக்கிற வரிக்கும் நான் பாத்துக்கறேன். முடிச்சிட்டு இட்டுக்கினு போ" என்றாள். பேச்சு அவ்வளவுதான். தீசிஸ் கொடுத்ததும் குழந்தை என் வீட்டுக்கு வந்துவிடும். ஒரு வருடம், மிஞ்சிப் போனால் ஒன்றரை வருடம் என்று நான் நினைத்தேன்.

என் மகள் மடுகரையில்தான் பேச ஆரம்பித்தாள். அக்கா "பெரிம்மா சொல்லு, பெரிம்மா" என்று சொல்லிக் கொடுத்தாள். குழந்தை முன்பாதியைத் துப்பிவிட்டுப் பின்பாதியை வைத்துக்கொண்டது. அக்கா "ம்மா" ஆகிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை பிஸ்கட்டோடு வந்து போகிற நான் "பாண்டிம்மா". மடுகரைக்காரர்களுக்கு வில்லியனூரைத் தாண்டினால் எல்லாமே பாண்டிதான். "அதுதான்டி அம்மா, அம்மான்னு கூப்புடு" என்று அக்கா அதட்டுவாள். குழந்தை என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு "பாண்டிம்மா" என்று முடித்துக்கொள்ளும். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

அவளுக்கு ஒன்றரை வயது இருக்கும்போது ஒரு வெள்ளிக்கிழமை. நொதி நிக்கல் குழாயில் ஏறி நின்றிருந்தது. கழுவ ஆரம்பித்தேன். அக்காவிடமிருந்து போன் வந்தது. "ஒடம்பு நெருப்பா கொதிக்குதுடி. கண்ணத் தொறக்க மாட்டேங்குது. நெட்டப்பாக்கம் ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போறோம்." நான்கு இருபதுக்கு ஒரு பஸ் இருந்தது. பத்து தரம் கழுவினால் அது போய்விடும். மூன்று தரம் கழுவினேன். அப்படியே நொதியை இறக்கி, குளிர் அறையில் வைத்துவிட்டு ஓடினேன். நோட்டில் எப்போதும் எழுதுவதுபோல "கழுவல்: பத்து" என்று எழுதினேன். அப்போது அது பொய் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை, கை தானாக எழுதியது. குழந்தைக்கு ஞாயிறன்று காய்ச்சல் விட்டுவிட்டது. சாதாரண வைரஸ் காய்ச்சல்தான்.

திங்களன்று அந்த நொதியில் தட்டுகள் போட்டேன். அன்று மதியமே எங்கள் கூடத்தில் ஆயுத பூஜை. மைக்ராஸ்கோப்புக்குச் சந்தனம், சுழலும் இயந்திரத்துக்கு மாலை, படிகத் தட்டுகள் இருக்கும் குளிர்பெட்டியின் கதவில் மூன்று குங்குமப் பொட்டு. பொரியும் கடலையும் பங்கு போட்டுக்கொண்டு நான்கு நாளைக்குப் பூட்டிவிட்டுப் போனோம். திரும்பி வந்து பார்த்தால், ஒரு குழியில் ஒன்பது படிகங்கள். பட்டை தீட்டினாற்போல, விளிம்பு கூர்மையாக, கல்கண்டுத் துண்டுகள் மாதிரி நின்றன. நான் கத்திய கத்தலில் பக்கத்துக் கூடத்திலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். வழிகாட்டி மைக்ராஸ்கோப்பில் கண் வைத்தவர் எடுக்கவே இல்லை. நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது. "சரஸ்வதி குடுத்ததும்மா இது" என்றார்.

அந்த ஒரு வார்த்தையில் நாங்கள் இருவரும் மாட்டிக்கொண்டோம். எந்தப் படிகம் வந்தாலும் ஒன்றைக் கரைத்து, உள்ளே இருப்பது நம் சரக்குதானா என்று பார்க்க வேண்டும். எங்கள் தொழிலில் இது பாலபாடம். ஒன்றைக் கரைத்துப் பார்க்கலாமா என்று வழிகாட்டியிடம் கேட்டேன். "ஒம்பதே ஒம்பது இருக்கு. மூணு வருஷத் தவம். அதுல ஒண்ணை எடுத்துக் கரைக்கிறதா? உனக்கு மனசு வருதா?" என்றார். உண்மையைச் சொன்னால் எனக்கும் மனசு வரவில்லை. நான்கு படிகங்களைச் சென்னையில் ஒரு நிறுவனத்தின் எக்ஸ்ரே இயந்திரத்துக்குக் கொண்டுபோனோம். அழகான புள்ளிகள் வந்தன. மீதி ஐந்தும் குங்குமம் வைத்த பெட்டிக்குள்ளேயே இருந்தன. வழிகாட்டி அடுத்த மாதமே ஒரு மாநாட்டில் படத்தைப் போட்டுக் காட்டிவிட்டார்.

புள்ளிகள் வந்தால் உருவம் வந்துவிடாது. அவற்றில் பாதி விவரம்தான் இருக்கும். மீதிப் பாதிக்கு, ஏற்கெனவே உருவம் தெரிந்த ஒரு சொந்தக்கார மூலக்கூறைக் கடன் வாங்க வேண்டும். புது ரவிக்கை தைக்க டெய்லரிடம் அளவு ஜாக்கெட் கொடுக்கிறோமே, அது மாதிரி. அந்த அளவு கொஞ்சமாவது பொருந்தினால் அங்கங்கே பிடித்தும் விட்டும் சரியாக்கிவிடலாம். நாங்கள் ஈஸ்ட்டிலிருந்து ஒரு சொந்தக்காரரைக் கொடுத்தோம். பொருந்தவில்லை. கையை வெட்டினோம், காலை வெட்டினோம், நடுத்துண்டை மட்டும் கொடுத்தோம். பொருந்தவில்லை. இப்படி இரண்டு வருடம்.

அந்த இரண்டு வருடத்தை எப்படிச் சொல்வது என்றே தெரியவில்லை. தினமும் ஏழே முக்கால் பஸ், அதே ரயில்வே கேட், அதே திரை, அதே "பொருந்தவில்லை". படிகம் வராமலே இருந்திருந்தால் மூட்டையைக் கட்டிக்கொண்டு போயிருப்பேன். வந்து தொலைத்துவிட்டதே. கையில் படிகம் இருக்கும்போது யாராவது விட்டுவிட்டுப் போவார்களா? முன்னால் போகவும் வழியில்லை, திரும்பிப் போகவும் வழியில்லை. புதிதாகப் படிகம் வளர்க்கலாம் என்று அதே முறையில் பதினேழு தரம் நொதி செய்தேன். ஒவ்வொரு தரமும் சிரத்தையாகப் பத்து முறை கழுவினேன். ஒரு தூசுகூட வளரவில்லை. "அந்தத் தடவை மட்டும் என்ன வித்தியாசமா செஞ்ச? யோசி" என்று வழிகாட்டி கேட்டுக்கொண்டே இருந்தார். நான் நோட்டைத் திறந்து காட்டுவேன். கழுவல்: பத்து. எழுதியிருந்ததை நானே நம்பினேன்.

மடுகரையிலும் நிலைமை நெருங்கிக்கொண்டு வந்தது. குழந்தைக்கு மூன்றரை வயது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா சோறு போட்டுக்கொண்டே கேட்டாள். "ஜூன்ல எல்கேஜி சேக்கணும். இங்க சேக்கறதா, அங்க சேக்கறதா? நீ ஒரு வார்த்த சொல்லிட்டா நானும் மனச தேத்திக்குவேன்." அவள் தலையை நிமிர்த்தவே இல்லை. நான், "அங்கதான் சேக்கணும். ஏப்ரல்ல முடிச்சிடுவேன்" என்றேன். என் பதிவுக் காலம் அந்த ஏப்ரலோடு முடிவதும் உண்மை. உருவம் இல்லாமல் தீசிஸில் கையெழுத்து போட மாட்டேன் என்று வழிகாட்டி சொல்லியிருந்ததும் உண்மை. அக்காவிடம் இரண்டாவது விஷயத்தைச் சொல்லவில்லை.

அந்தச் சமயத்தில்தான் கணினியே புரதங்களின் உருவத்தை ஊகித்துத் தரும் காலம் வந்தது. எங்கள் நொதிக்கும் ஊகம் கிடைத்தது. ஈஸ்ட்டுச் சொந்தக்காரர் தூரத்து உறவு என்றால் இது கூடப்பிறந்த உறவு. ஆசையோடு கொடுத்துப் பார்த்தேன். அதுவும் பொருந்தவில்லை. "கம்ப்யூட்டர் ஊகம்தானே, தப்பா இருக்கும்" என்றார் வழிகாட்டி. தப்பு படிகத்திலேயே இருக்குமோ என்று எனக்கு அன்று முதல் முறையாகப் பயம் வந்தது.

படிகத்துக்குள் ஒரே கட்டம் திரும்பத் திரும்ப அடுக்கப்பட்டிருக்கும். அந்தக் கட்டத்தின் நீளம், அகலம், உயரம் மூன்றும் சேர்ந்தால் அது படிகத்தின் கைரேகை மாதிரி. உலகத்தில் இதுவரை உருவம் தெரிந்த எல்லாப் படிகத்தின் கைரேகையும் இணையத்தில் கிடைக்கும். தட்டிப் பார்க்க நான்கு நிமிடம். முதல் நாளே செய்திருக்க வேண்டியது. நாங்கள் செய்யவில்லை. நம் வீட்டில் பிறந்த பிள்ளையின் கைரேகையைப் போலீஸ் ஸ்டேஷனில் கொடுத்துப் பார்ப்போமா? ஒரு புதன்கிழமை மதியம், எல்லோரும் சாப்பிடப் போயிருந்தபோது, தட்டினேன். முதல் வரியிலேயே வந்து நின்றது. பாக்டீரியாவின் சொந்தப் புரதம். நான் பிறப்பதற்கு முன்பே யாரோ உருவம் கண்டுபிடித்து முடித்துவிட்டது. எடையும் கிட்டத்தட்ட எங்கள் நொதியின் எடைதான், அதனால் நொதியின் சுத்தம் பார்க்கும் சோதனையில் ஒன்றன் பின்னால் ஒன்று ஒளிந்துகொண்டது. நிக்கலில் ஒட்டிக்கொள்ளும் குணம் அதற்கு இயற்கையிலேயே உண்டு. அதை அளவு ஜாக்கெட்டாகக் கொடுத்தேன். இரண்டு வருடம் அசையாதது அந்த நிமிடமே பொருந்தியது.

சாப்பாட்டு டப்பா திறக்காமலே இருந்தது. அந்த வெள்ளிக்கிழமை ஞாபகத்துக்கு வந்தது. மூன்று தரம்தான் கழுவினேன். அதனால்தான் அது தங்கியது, அதனால்தான் வளர்ந்தது, பத்து தரம் கழுவியபோதெல்லாம் அதனால்தான் வளரவில்லை. பாவி, நானே என் கையால் செய்தேன். யார் மேலும் பழி போட முடியாது. குழந்தைக்குக் காய்ச்சல் என்று ஓடினேன், அந்தக் குழந்தையையே கூட்டிக்கொண்டு வர முடியாதபடி இரண்டு வருடம் இதில் கிடந்தேன்.

மூன்று வாரம் யாரிடமும் சொல்லவில்லை. வழக்கம்போல பஸ் ஏறினேன், திரையின் முன்னால் உட்கார்ந்தேன், தப்பான அளவையே மறுபடி மறுபடி கொடுத்துக்கொண்டிருந்தேன். கணவர், "இன்னாம்மா ஒரு மாதிரி இருக்கற? ஒடம்பு செரியில்லையா?" என்று கேட்டார். தலைவலி என்றேன். மாமனார் யாரோ ஒருவருக்கு என் போன் நம்பரைக் கொடுத்துவிட்டு வந்து நின்றார். அவர்மேல் எரிந்து விழுந்தேன். அவர் செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். அந்த வாரம் மடுகரைக்கும் போகவில்லை.

கடைசியில் வழிகாட்டியிடம் சொன்னேன். திரையைக் காட்டினேன். அவர் நெடுநேரம் பார்த்தார். கத்துவார் என்று நினைத்தேன். எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"வேற யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது மேடம்."

"எனக்கு அடுத்த மாசம் இன்டர்வியூ. இதை வெச்சுத்தான் போறேன்னு உனக்கே தெரியும். அது முடியற வரைக்கும் வாயைத் திறக்காத. அப்புறமா மெதுவா சொல்லிக்கலாம். உன் தீசிஸை நான் பார்த்துக்கறேன். உருவம் இல்லாமலே, மத்த வேலையை வெச்சு எழுது. கையெழுத்து போடறேன்."

எனக்கு மூச்சே திரும்பி வந்ததுபோல் இருந்தது. ஏப்ரலில் தீசிஸ், ஜூனில் பிள்ளை. வேறென்ன வேண்டும்? நான் சரி என்று தலையாட்டினேன். அதை மறைக்கப்போவதில்லை, ஆட்டினேன். அந்த ஞாயிற்றுக்கிழமையே ஒதியம்பட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் விசாரித்து விண்ணப்பம்கூட வாங்கிவிட்டேன்.

பத்து நாள் கழித்து வருடாந்தரக் குழுக் கூட்டம். மூன்று பேர் எதிரே உட்கார்ந்து நம் வேலையைக் கேட்பார்கள். அதில் வெளியிலிருந்து வந்த ஒரு பெரியவர், ஒல்லியாக, சட்டைப் பையில் மூன்று பேனாவோடு இருந்தார். நான் பேசி முடித்ததும் பேப்பரைப் புரட்டிக்கொண்டே கேட்டார். "படிகம் அந்த ஒரு தடவைதான் வந்திருக்கு, இல்லையா? ஒண்ணையாவது கரைச்சுப் பார்த்தீங்களாம்மா?"

நான் வாயைத் திறப்பதற்குள் வழிகாட்டி முந்திக்கொண்டார். "அதெல்லாம் அப்பவே பார்த்தாச்சு சார்."

பெரியவர் சரி என்று அடுத்த பக்கத்துக்குப் போனார். அவ்வளவுதான், முடிந்துவிட்டது. நான் சும்மா இருந்தால் போதும். யாரும் என்னைப் பொய் சொல்லச் சொல்லவில்லை. பேசாமல் உட்கார்ந்திருக்கத்தான் சொன்னார்கள். ஏன் உட்கார முடியவில்லை என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நேர்மை அது இது என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம்தான் வரும். அந்த அறையில் எனக்கு மூச்சு முட்டியது, அதுதான் நிஜம்.

"இல்ல சார். பார்க்கல" என்றேன். "அது எங்க நொதி இல்ல, பாக்டீரியாவோடது. அந்தத் தடவை நான் மூணு தரம்தான் கழுவினேன். நோட்டுல பத்துன்னு எழுதியிருக்கேன்."

வழிகாட்டி என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. கையிலிருந்த பேனாவை மூடி, மேஜைமேல் வைத்தார்.

நியாயமாகச் சொன்னால் குழு என்னைக் கடித்துக் குதறவில்லை. பெரியவர், "இது எல்லாருக்கும் நடக்கிறதுதான்மா. எனக்கே ஒரு தடவை நடந்திருக்கு" என்றார். ஒரு வருடம் கூடுதலாகக் கொடுத்தார்கள். ஆனால் உருவத்தோடுதான் தீசிஸ் வர வேண்டும் என்று எழுதிவிட்டார்கள். அவர்கள் நல்லது செய்வதாகத்தான் நினைத்தார்கள். வழிகாட்டிக்கு அந்த முறை பதவி உயர்வு கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு அவர் என்னிடம் நேரில் பேசியதே இல்லை. "மெயில்ல போடு" என்பார், அடுத்த நாற்காலியில் இருந்துகொண்டு.

அக்காவுக்குப் போன் செய்தேன். "இந்த வருசம் அங்கயே சேத்துடுக்கா" என்றேன். "செரிடி. நீ கவலப்படாத" என்றாள். அவள் குரலில் இருந்த சந்தோஷத்தை அவளால் மறைக்க முடியவில்லை. அதற்காக அவள்மேல் கோபப்பட எனக்கு என்ன பாத்தியதை இருக்கிறது? கோபப்பட்டேன். போனை வைத்துவிட்டு மொட்டைமாடியில் போய் அழுதேன். மாமனார் படியேறி வந்து, காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

ஒரு வருடம் அந்தக் கூடத்தில் வாய்பேசாமல் வேலை செய்தேன். நிக்கல் குழாயோடு நிறுத்தாமல் இன்னும் இரண்டு வகைக் குழாய்களில் விட்டுச் சுத்தம் செய்தேன். நொதியின் தொங்கலான முனையை வெட்டினேன். பத்து மாதம் கழித்துச் சின்னச் சின்ன ஊசிகள் வந்தன, பார்க்கவே சகிக்காது. கிடைத்ததில் முதல் ஊசியையே எடுத்துக் கரைத்தேன். எங்கள் நொதிதான். சென்னைக்குக் கொண்டுபோய்ப் புள்ளிகளை எடுத்துவந்து கணினி ஊகத்தைக் கொடுத்தேன். பதினோரு நிமிடத்தில் பொருந்தியது. பிசகு எங்கே என்றும் தெரிந்தது, ஓர் ஓரத்து மடிப்பில். திரையில் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். பக்கத்து நாற்காலியில் ஆள் இருந்தார், கூப்பிட முடியவில்லை. மெயிலில் போட்டேன். "குட்" என்று ஒரு வார்த்தை வந்தது.

ஏப்ரல் கடைசியில் தீசிஸ் கொடுத்தேன். மே மாதம் முடிவதற்குள் குழந்தையைக் கூட்டிவர மடுகரைக்குப் போனேன். அவளுக்கு ஐந்து வயது ஆகப்போகிறது. அக்கா துணிமணிகளை ஒரு பையில் மடித்து வைத்திருந்தாள். தலையில் எண்ணெய் தடவி இரட்டைப் பின்னல் போட்டிருந்தாள். "எப்டியும் ஒரு நாளு போற புள்ளதான" என்று என்னிடம் சொல்வதுபோல் அவளுக்கே சொல்லிக்கொண்டாள். பஸ் நிறுத்தம்வரை அவள் வரவில்லை. மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வேண்டும் என்று பின்பக்கம் போய்விட்டாள். அக்கா வீட்டுக்காரர்தான் வண்டியில் கொண்டுவந்து விட்டார்.

நெட்டப்பாக்கம்வரை குழந்தை ஜன்னல் வழியாக வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தாள். ஏம்பலம் தாண்டியதும் திரும்பி, "ம்மா எப்ப வரும்?" என்று கேட்டாள். "பெரிம்மா வரலடா கண்ணு. நம்ம வூட்டுக்கு நாம போறோம்" என்றேன். அவ்வளவுதான். ஆரம்பித்துவிட்டாள்.

அன்றைக்கென்று வில்லியனூரில் தேர். மங்கலம் தாண்டி ஆற்றுப் பாலத்துக்கு முன்னால் பஸ் நின்றது. முன்னால் பத்துப் பதினைந்து வண்டிகள், பின்னால் அதற்கு மேல். டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கிப் போய்விட்டார். பஸ்ஸுக்குள் சத்தமே இல்லை, இவள் அழுகையைத் தவிர. "எங்கம்மாகிட்ட வுடு. என்ன எங்கம்மாகிட்ட வுடு" என்று கத்தினாள். கையைப் பிடித்தால் உதறினாள், தூக்கப் போனால் முகத்தில் அறைந்தாள். எல்லாத் தலையும் திரும்பியது. எதிர் இருக்கையில் பூக்கூடையோடு இருந்த அம்மாள் என்னையே உற்றுப் பார்த்தார்.

"இன்னாம்மா, கொழந்த இந்தக் கத்து கத்துது? யாரு புள்ள இது?"

பின்னாலிருந்து ஒரு ஆள் எழுந்து நின்றார். "அதான, நானும் ஏம்பலத்துலேந்து பாத்துக்கினுதான் வரேன். எங்கம்மாகிட்ட வுடுன்னு சொல்லுதே. நீ யாரும்மா?" கண்டக்டரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு அருகில் வந்து நின்றார்.

நான்தான் அம்மா என்று சொல்ல வேண்டும். இரண்டே சொல். ஆனால் நான் சொன்ன அடுத்த நொடி இவள் என்ன சொல்லுவாள் என்று எனக்குத் தெரியும். அத்தனை பேர் முன்னாலும் சொல்லுவாள். அதை மட்டும் என்னால் கேட்க முடியாது.

"எங்க அக்கா பொண்ணு" என்றேன். "லீவுக்கு இட்டுக்கினு போறேன்."

"அதான பாத்தன்" என்றார் பூக்கார அம்மாள். "சித்தியா நீ? அம்மாவ வுட்டுட்டு வந்தா அழத்தான் செய்யும், பச்ச மண்ணு." பின்னாலிருந்த ஆள் உட்கார்ந்துவிட்டார். கண்டக்டர் படிக்கட்டுக்குத் திரும்பிப் போனார்.

குழந்தை அழுகையை நிறுத்தியிருந்தாள். ஈரக் கண்ணோடு என் முகத்தைப் பார்த்தாள். "லீவு முடிஞ்சதும் எங்கம்மாகிட்ட வுட்டுடுவியா?"

"வுட்டுடறேன்" என்றேன்.

அவள் புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு என் மடியில் ஏறி உட்கார்ந்தாள்.